சொர்ணத்தைக் கூப்பிட வந்தவர்கள்

"நான் வரமாட்டேன். நான் அங்கிட்டுப் போனா, இங்கிட்டு அந்தச் செவந்தி வந்து உக்காந்துக்குவா."

வாசல் நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள் சொர்ணம். தெருவில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். அடிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தவர்போல உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"அவ வரமாட்டாக்கா. நான் பார்த்துக்குறேன்" என்றாள் செவந்தி.

"ஒனக்கு அவளத் தெரியாது. பார்க்க வாயில்லாப் பூச்சி மாதிரி இருப்பா. கொல்லைப்புறமா வருவா."

"கொல்லைக் கதவையும் பூட்டிட்டேன்."

"மீறி வந்தா?"

"வந்தா வாசல்லயே நிப்பாட்டித் திருப்பி அனுப்பிர்றேன். போதுமா?"

சொர்ணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துச் செவந்தியின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"நீ நல்ல புள்ள. யாரு பெத்த புள்ளையோ" என்றபடி வேனில் ஏறினாள்.

அந்த வீட்டின் தலைவாசல் வழியாக இன்றுவரை உள்ளே போகாத செவந்தி, கையில் சாவியோடு அவள் பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்விடலாம்.

அடைக்கலம், கீரமங்கலம் பக்கத்தில் தென்னையும் மல்லிகையும் வைத்திருந்த விவசாயி. சொர்ணம் அவர் ஊரறியக் கட்டிக்கொண்ட மனைவி. பிறந்தது மகள் ஒன்று, மகன் ஒன்று. செவந்தி அவர் தோட்டத்துக்குப் பூ எடுக்க வந்தவள். மோட்டார் ரூமை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று கட்டி அவளையும் வைத்துக்கொண்டார். அவளுக்குக் குழந்தை இல்லை. பெரிய வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே அந்த வாய்க்காலின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பெண்களுக்கும் தலை நரைத்தது. அடைக்கலம் செத்தபோது செவந்தியைப் பந்தலுக்குள் விடவில்லை. தென்னை மரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சொர்ணத்துக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பால் மறந்தது. பிறகு பெயர்கள். பிறகு வருடங்களே மறந்துபோயின. மகள் பிரகதீஸ்வரி புதுக்கோட்டையில் டீச்சர். மகன் வெற்றிசெல்வன் குவைத்தில். அவர்கள் சம்பளம் பேசி வைத்திருந்த பெண் தன் மகளின் பிரசவத்துக்கென்று போனவள் திரும்பவில்லை. ஒருநாள் சொர்ணம் வாய்க்காலைத் தாண்டி வந்து, "புள்ள, பசிக்குது. எங்க வீட்டுல ஒருத்தரையும் காணோம்" என்று செவந்தியின் கதவுக்கு முன்னால் நின்றாள். அவள் மனத்தில் இருந்த செவந்தி, தலை நிறையப் பூ வைத்த இளம்பெண். எதிரில் நின்ற நரைத்த தலையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றைக்குப் போட்ட சோறு மூன்று வேளைச் சோறாகி, குளிப்பாட்டுவதாகி, கொல்லை வாசல் வழியாகப் போய்த் துணைக்குப் படுப்பதாகவும் ஆகிவிட்டது. மகள் போனில் பேசும்போது, "அம்மாவ யாரு பார்த்துக்குறா?" என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும்.

போன வாரம், செவந்தி பூவைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருவதற்குள் சொர்ணம் வீட்டைவிட்டுக் கிளம்பி ஆலங்குடி ரோட்டில் தனியாக நடந்துபோனாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் பிச்சைமுத்து பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து விட்டான். மறுநாள் செவந்தி கதவை வெளியே பூட்டிவிட்டுப் பூ எடுக்கப் போனாள். உள்ளேயிருந்து தட்டித் தட்டிச் சொர்ணத்தின் கை வீங்கிப்போனது. வீங்கிய கைக்கு எண்ணெய் தடவிவிட்ட பிறகுதான், மறதி வந்தவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்துக்கு அனுப்பும்படி அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் பிளெஸ்ஸி பலமுறை சொல்லியிருந்ததற்குச் செவந்தி சரியென்றாள்.

கடைத்தெருவைத் தாண்டி, பழைய அரிசி குடோன் ஒன்றைச் சுத்தம் பண்ணி, வெள்ளையடித்து, வழுக்காத தரை போட்டிருந்தார்கள். போர்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊருக்குள் அதைப் 'பெரியவங்க பள்ளிக்கூடம்' என்றார்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறது. வேறு என்னவென்று சொல்வது?

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் மேசைமேல் வேர்க்கடலையைக் கொட்டியிருந்தார்கள். உரித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சொர்ணம் உரித்ததை வாயில் போட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் உரித்ததையும் எடுத்து வாயில் போட்டாள். அவர் அதற்காகவே உரிப்பவர்போல அடுத்த கடலையை எடுத்தார்.

"கைக்கு வேலையா இருக்கட்டும்னு வச்சோம். பல்லும் வேலை செய்யட்டும், விடுங்க" என்றாள் பிளெஸ்ஸி.

பின்னால் சின்ன அறை ஒன்று. கூட வந்தவர்களை உட்காரவைத்து வாராவாரம் அங்கே பேசுவது வழக்கம். டீ கொடுத்தார்கள். செவந்திக்குப் பக்கத்தில் காத்தாயி. புருஷனைக் கொண்டுவந்து விடுபவள். செவந்தியின் ஊருக்குப் பக்கத்து ஊர், எல்லாம் தெரிந்தவள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்ங்க?" என்று கேட்டாள் பிளெஸ்ஸி.

செவந்தி டீயைப் பார்த்தாள். "பக்கத்து வீடு."

காத்தாயி தன் கால் மெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"அவங்க ஒரு வருசத்துல இருக்காங்க, நாம ஒரு வருசத்துல இருக்கோம்" என்று பிளெஸ்ஸி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். "அவங்களக் கையப் புடிச்சு இழுத்து இங்க கொண்டாந்து நிறுத்தணும்னு மல்லுக்கட்டாதீங்க. நாமதான் கொஞ்சம் அங்கிட்டுப் போயிட்டு வரணும். மறுத்துப் பேசினா அவங்களுக்குப் பயந்தான் கூடும்."

"அவங்க ஒருத்தியத் திட்டிக்கிட்டே இருந்தா?" என்று கேட்டாள் செவந்தி.

"யாரைங்க?"

"ஒருத்திய. எந்திரிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும். அதுக்கும் ஆமா போடுறதா?"

"அந்தம்மா இப்ப உயிரோட இருக்காங்களா?"

"இருக்கா. பக்கத்துலதான்."

"அப்ப இவங்க திட்டுறது அந்தம்மா காதுல விழாமப் பார்த்துக்குங்க. பாவம், அவங்களுக்கும் சங்கடமா இருக்கும்ல?"

காத்தாயிக்கு டீ புரையேறியது.

"சரி, இந்த வாரம் ஒங்களுக்குன்னு என்ன செஞ்சீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள் பிளெஸ்ஸி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செவந்தியின் முறை வந்தபோது அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"இன்னிக்குத் தலைக்குக் குளிச்சேன்" என்றாள்.

மதியச் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால், வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பிரகதீஸ்வரி பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிச்சைமுத்து போன் பண்ணியிருந்தான். "டீச்சர், ஒங்க அம்மாவ ஏதோ ஹோம்ல கொண்டுபோயி விட்டுட்டாங்க" என்று மட்டும்தான் சொன்னான். புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் வரும்வரைக்கும் பஸ்ஸில் அந்த ஒரு வரியை வைத்தே அவள் கொதித்துக்கொண்டு வந்தாள்.

செவந்தி கதவருகே நின்றாள். காலியான இடத்தைக் கடப்பதுபோல அவளைக் கடந்து பிளெஸ்ஸியிடம் போனாள் பிரகதீஸ்வரி.

"எங்கம்மாவ இங்க சேர்க்கச் சொன்னது யாரு? பெத்த பொண்ணு நான் இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உக்காருங்க மேடம். இது ஹோம் இல்லைங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாங்க. ஒங்க நம்பரும் கேட்டேன். பக்கத்து வீட்டம்மா தன்கிட்ட இல்லைன்னாங்க."

"பக்கத்து வீடா?" பிரகதீஸ்வரி அப்போதுதான் திரும்பிச் செவந்தியைப் பார்த்தாள். "பக்கத்து வீடுன்னா சொன்னாங்க?"

பிறகு மறுபடி பிளெஸ்ஸி பக்கமே திரும்பிக்கொண்டாள்.

"அவங்ககிட்டச் சொல்லிருங்க சிஸ்டர். இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி. இனிமே நாங்க பார்த்துக்குறோம். இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

செவந்தி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். இருந்தாலும் அது பிளெஸ்ஸி வழியாகத்தான் அவளுக்கு வந்துசேர வேண்டும் என்பதுபோல் எல்லாரும் ஒரு கணம் காத்திருந்தார்கள்.

பிரகதீஸ்வரி நேராக அம்மாவின் நாற்காலிக்குப் போனாள். குனிந்து, கன்னத்தைத் தொட்டு, "அம்மா, கெளம்பு. வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

குனிந்தபோது கழுத்திலிருந்த ரெட்டை வடச் சங்கிலி முன்னால் வந்து ஆடியது. கடலையை நோக்கிப் போன சொர்ணத்தின் கை அப்படியே நின்றது. பிறகு சங்கிலியைப் பிடித்தது.

"இது என் சங்கிலி."

"ஆமாம்மா. ஒன்னோடதுதான். என் கல்யாணத்துல நீதான போட்டுவிட்ட."

"நான் ஒனக்குப் போட்டேனா?" சொர்ணம் சங்கிலியைச் சுண்டி இழுத்தாள். "அவருதான எடுத்துக் குடுத்தாரு? என் பெட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்தாரு. அதப் போட்டுக்கிட்டு என் முன்னாடியே வந்து நிக்கிறியே, ஒனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்டி செவந்தி!"



"அம்மா, நான் பிரகா. பிரகாம்மா!"

"என் புள்ள பேரு ஒன் வாயில வரக்கூடாது! அது பள்ளிக்கூடம் போயிருக்கு. வர்ற நேரம். அது வந்து ஒன்னப் பார்க்குறதுக்குள்ள போயிரு."

"அம்மா..."

"பூ எடுக்க வந்தவ பூவோட போயிருக்கணும்டி. வாய்க்காலுக்கு அந்தாண்ட லைட்டப் போட்டு வச்சுக்கிட்டு... ஒன் வீட்டு லைட்டு எரியிறதப் பார்த்துக்கிட்டேதான் நான் தெனம் படுத்துக் கெடக்கேன். விடிய விடிய அது அணையிறதே இல்லடி. எங்கிட்டுத் திரும்பிப் படுத்தாலும் தெரியுது."

முப்பத்தைந்து வருடத்தில் சொர்ணம் செவந்தியை முகத்துக்கு நேராகத் திட்டியதில்லை. ஊரார் வாய் வழியாகத்தான் வந்துசேரும். இந்த நாலைந்து மாதமாக, யாரோ ஒருத்தியைப் பற்றிய புகாராக வந்துகொண்டிருந்தது. அதெல்லாம் செவந்திக்குப் பழகிவிட்டது. ஆனால் லைட்டைப் பற்றி இன்றுதான் கேட்கிறாள்.

அது ஒரு குண்டு பல்பு. தோட்டத்தில் பாம்பு நடமாட்டம் என்று விடிய விடிய எரியவிட்டவள் அவள்தான். அடைக்கலம் வந்த ராத்திரியென்றும் வராத ராத்திரியென்றும் அந்த பல்புக்கு வித்தியாசம் கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அதை ஒருத்தி பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"புள்ள!" சொர்ணம் அவளைத்தான் கூப்பிட்டாள். "வந்தா திருப்பி அனுப்பிர்றேன்னு சொன்னியே. இந்தா, வந்து நிக்கிறா. அனுப்பு."

எல்லாரும் செவந்தியைப் பார்த்தார்கள்.

'சரிக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுத்துப் பேசாதீர்கள் என்று சற்றுமுன் சொல்லித்தந்ததும் அதுதான். பிரகதீஸ்வரியின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த நிலையில் அவளால் அம்மாவை இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. சொர்ணம் செவந்தியிடமே இருப்பாள்.

பிரகதீஸ்வரி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலி அறுத்த இடம் சிவந்திருந்தது. அத்தனை பேருக்கு நடுவில், அடி வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல உதட்டைக் கடித்து அழுதாள்.

செவந்தி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். சங்கிலியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"அக்கா, இங்க பாருங்க. இது செவந்தி இல்ல. இது ஒங்க மக. செவந்தி நான்தான்."

பிளெஸ்ஸி தடுக்கப்போவதுபோலக் கையைத் தூக்கினாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

சொர்ணம் செவந்தியின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியை, நரைத்த வகிட்டை, பொட்டில்லாத இடத்தை. அந்தப் பார்வை தன்னை அடையாளம் கண்டுவிடும் என்று செவந்தி காத்து நின்றாள்.

சொர்ணம் சிரித்துவிட்டாள்.

"போ புள்ள. அவள நான் பார்த்ததில்லையா? ஒனக்கு எதுக்கு அவ பழி?" என்று செவந்தியின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ எனக்குச் சோறு போடுறவ." அத்தோடு அலுத்துப்போனவளாகக் கண்களை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

வெளியே குழாயடியில் பிரகதீஸ்வரி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். செவந்தி துண்டை நீட்டினாள். பிரகதீஸ்வரி வாங்கிக்கொண்டாள். யாரும் நடுவில் இல்லை.

"தெனமும் இப்படித்தான் திட்டுறாங்களா?"

"தெனமுந்தான்."

"ஒங்களயா?"

"என் பேரைத்தான். என்னை இல்ல."

பிரகதீஸ்வரி துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அந்த லைட் எனக்கும் ஞாபகம் இருக்கு. நான் அம்மா பக்கத்துலதான் படுத்திருப்பேன். அவங்க தூங்கிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

"பாம்புக்காக எரியவிட்டேன்" என்றாள் செவந்தி. சொன்ன பிறகு அது ஒரு சமாதானமாகவே அவளுக்குப் படவில்லை.

பிரகதீஸ்வரி விஷயத்துக்கு வந்தாள்.

"தம்பி ஞாயித்துக்கெழம வர்றான். திருச்சியில ஒரு ஹோம்ல அம்மாவுக்கு இடம் பேசிட்டான். அவன் வர்ற வரைக்கும் என் வீட்டுல வச்சிருக்கச் சொன்னான். பிச்சைமுத்து போன் பண்ணதும், இன்னிக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"ராத்திரியும் அங்கயேதானா?"

"ம்."

"அப்ப அங்க ஒண்ணு சொல்லிரணும். விளக்க அணைச்சா கையப் புடிச்சுக்கணும். இல்லேன்னா எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுருவாங்க. ரசஞ்சோறு மட்டும் குடுத்தா எறங்காது, தொட்டுக்க ஏதாவது வேணும். தலைக்குத் தண்ணி ஊத்தும்போது கண்ணப் பொத்திக்கணும்."

பிரகதீஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போக வேணாம்னு சொல்ல மாட்டீங்களா?"

"நான் யாரும்மா சொல்றதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பிரகதீஸ்வரியிடம் முப்பத்தைந்து வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. இப்போது கேட்டதும் அது வாயில் வரவில்லை.

கையிலிருந்த போன் அடித்தது. வெற்றிசெல்வன்.

"அக்கா, அம்மாவக் கூட்டிட்டுக் கெளம்பிட்டியா?" அவன் குரல் செவந்திக்கும் கேட்டது.

"இல்லடா."

"ஏன்?"

"அம்மா இங்கதான் இருக்காங்க. பகல்ல பார்த்துக்கிற எடம், நல்லாத்தான் இருக்கு. நீ அவசரப்படாத. வந்து ஒருதரம் பாரு, அப்பறம் பேசலாம்."

"ராத்திரி யாரு பார்க்குறா? அதச் சொல்லு."

பிரகதீஸ்வரி செவந்தியைப் பார்த்தாள். "அவங்கதான்" என்றாள்.

உடனே போன் கட்டானது. அவர்கள் உள்ளே திரும்புவதற்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. பிரகதீஸ்வரி அதைச் சத்தமாகத்தான் ஓடவிட்டாள். மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அந்தப் பொம்பள நம்ம வீட்டுக்குள்ளயே வந்துட்டாளா? ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்க முடியாது. இன்னிக்கு ஃபிளைட்டுக்கே பார்க்குறேன். நாளைக்கு நான் வரும்போது அவ அங்க இருக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

செவந்தி துண்டை வாங்கிக் கொடியில் காயப்போட்டாள்.

"சோத்து நேரம். அவங்களுக்குப் பெசஞ்சு குடுக்கணும்" என்று உள்ளே போனாள்.

சாயங்காலம் வேனில் சொர்ணம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் செவந்தி. பிரகதீஸ்வரி சங்கிலியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா கண்ணில் படாத கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீடுவரைக்கும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு என்னவென்று அவளும் சொல்லவில்லை, செவந்தியும் கேட்கவில்லை.

வேன் கடைத்தெருவைக் கடந்தது. கமிஷன் கடைகளில் தராசுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஊர் எல்லை வந்ததும் சொர்ணம் செவந்தியின் காதோரம் சாய்ந்தாள்.

"புள்ள, அவ போயிட்டாளா?"

போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லித்தந்தபடியே ஆகியிருக்கும்.

"இல்லக்கா. பின்னாடி உக்காந்திருக்கா" என்றாள் செவந்தி.

சொர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப வந்தவ, இன்னம் இங்கயேதான் இருந்தாளா?"

"ஆமாக்கா."

சொர்ணம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சாப்பிட்டாளான்னு கேளு."

செவந்தி திரும்பிப் பார்த்தாள். பிரகதீஸ்வரி வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். இல்லையென்று தலையாட்டினாள்.

"இல்லையாம்க்கா."

"அப்ப வீட்டுக்கு வரச்சொல்லு" என்றாள் சொர்ணம். "செவந்தின்னாலும் வயிறு ஒண்ணு இருக்குல்ல. உள்ள வந்து, உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

காலையில் சொர்ணம் கொடுத்த தலைவாசல் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள் செவந்தி.